மாற்ற மாற்றக் கசியும் ஆயில் சீல்

வண்டியின் அடியில் எண்ணெய்த் திட்டு தெரிவதும், பட்டறையில் ஆயில் சீல் மாற்றப்படுவதும், சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி எண்ணெய் கசிவதும் வாகனம் வைத்திருப்போர் பலருக்கும் பழகிப்போன வேதனை. சீலின் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அது இருக்கும் இடத்தை எட்டுவதற்காகக் கழற்றி மாட்டும் கூலியோ பல மடங்கு ஏறும். ஆகவே இரண்டாம் முறை கசியும்போது எழும் கோபம் நியாயமானதே. அந்தக் கோபம் பெரும்பாலும் ‘மட்டமான சாமான்’ என்ற முடிவில் போய் நிற்கிறது. மட்டமான சீல்கள் சந்தையில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மாற்றிய பின்னும் திரும்பத் திரும்ப வரும் கசிவுக்கான காரணத்தைச் சீலுக்கு வெளியே, அது தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்திலும் அதன் பின்னாலிருக்கும் அழுத்தத்திலும் முதலில் தேட வேண்டும்.

சுழலும் தண்டு ஒன்று எஞ்சினையோ கியர்பாக்ஸையோ விட்டு வெளியே வரும் துளையில், உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியேறாமலும் வெளித்தூசி உள்ளே புகாமலும் காக்கும் வளையமே ஆயில் சீல். அதன் வெளிச்சுற்று உலோகத்தால் ஆனது. உள்சுற்றில் மெல்லிய ரப்பர் விளிம்பு ஒன்று தண்டைத் தழுவி நிற்க, விளிம்பின் முதுகில் சுற்றியிருக்கும் நுண்ணிய சுருள்வில் அதை மெதுவாக அழுத்திப் பிடித்திருக்கும். முற்காலத்தில் இந்த வேலையைக் கயிறும் கம்பளியும் தோலும் செய்துவந்தன. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிட்டுவந்த ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம் 1929-இல் தோலால் சீல்கள் செய்யத் தொடங்கியது. 1930-களில் செயற்கை ரப்பர் வந்து தோலின் இடத்தைப் பிடித்தது.

விளிம்பு இறுக்கிப் பிடிப்பதால்தான் எண்ணெய் நிற்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மையில், விளிம்புக்கும் தண்டுக்கும் இடையே ஒரு மைக்ரான் அளவில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தில், எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது என்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜாகர் 1950-களில் எடுத்துக்காட்டினார். அந்தப் படலம் இல்லாவிட்டால் விளிம்பு உராய்வின் சூட்டிலேயே கருகிவிடும். படலம் இருந்தும் எண்ணெய் வெளியேறாததற்குக் காரணம் விளிம்பின் வடிவம்: எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு சாய்வாகவும் அமைந்திருப்பதால், தண்டு சுழலும்போது வெளியே வர முயலும் எண்ணெயை விளிம்பு தானாகவே உள்ளே தள்ளுகிறது. இத்தனை சிறிய வளையம் தடுப்பாகவும் பம்பாகவும் ஒருங்கே இயங்குவது வியக்கத்தக்கது. அதே சமயம், தண்டின் பரப்பு சற்றுக் கெட்டாலும் அதன் இயக்கம் குலைந்துவிடும் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

தண்டின் பரப்பில் இருக்கும் சராசரிக் கரடு ஏறக்குறைய 0.2 முதல் 0.8 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் கரடானால் விளிம்பு அறுபடும். அதைவிட வழவழப்பானால் எண்ணெய்ப் படலம் தங்காது. காலப்போக்கில் காற்றில் வரும் தூசித் துகள்கள் மென்மையான ரப்பரில் பதிந்துகொண்டு, சுழலும் எஃகை ஓயாமல் உரசி, நகத்தால் தடவினால் தட்டுப்படும் பள்ளத்தைத் தண்டில் ஏற்படுத்திவிடுகின்றன. புதிய சீலின் விளிம்பு அதே பள்ளத்தில் போய் அமர்ந்தால் கசிவு தொடர்வதில் வியப்பில்லை. எமரித்தாளால் தேய்த்துச் சமன்செய்யும் வழக்கமும் ஆபத்தானது. தாளைப் பக்கவாட்டில் நகர்த்தியபடி தேய்த்தால் திருகாணியின் மரைபோன்ற நுண்கோடுகள் உருவாகி, சுழலும்போது எண்ணெயை வெளியே நடத்திச் செல்லக்கூடும். இடம் இருந்தால் சீலைப் பழைய தடத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தலாம்; இல்லாவிட்டால் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள எஃகு உறையைத் தண்டின் மேல் செருகலாம். அந்த உறை அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் சீலின் அளவை மாற்ற வேண்டியதில்லை.

தண்டைத் தாங்கும் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்து தண்டில் ஆட்டம் கண்டிருந்தால், அந்த ஆட்டத்தின் வேகத்துக்கு ரப்பர் விளிம்பால் ஈடுகொடுக்க முடியாது. அழுத்தத்தின் பங்கோ பலரும் கவனிக்காதது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் எரிந்த வாயு எஞ்சினின் அடிப்பெட்டியில் சேராமல் வெளியேற ‘பிரீதர்’ என்னும் மூச்சுக்குழாய் வைக்கப்பட்டிருக்கிறது. அது பிசுக்கேறி அடைபட்டால் உள்ளழுத்தம் உயர்ந்து, மிக வலுக்குறைந்த இடமாகிய சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். சாதாரண சீல்கள் வளிமண்டல அழுத்தத்தில் பாதிக்கு மேல் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. சில நிமிடங்களில் சுத்தம் செய்யக்கூடிய குழாயை விட்டுவிட்டு, கியர்பாக்ஸையே இறக்கிக் கிராங்க் சீலை மாற்றுவது வீண்செலவு.

இரு சக்கர வண்டிகளில் இந்தத் தொல்லை மிகுதியாகத் தெரிவது முன் ஃபோர்க்கில்தான். இங்கே தண்டு சுழல்வதில்லை. குரோமியம் பூசிய உட்குழாய் சீலுக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. சாலையில் தெறிக்கும் கல் பட்டோ, மழையில் நனைந்து துருப்பிடித்தோ குரோமியத்தில் ஊசிமுனை அளவு குழி விழுந்தாலும் போதும். ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் அதன் கூரான ஓரம் விளிம்பைக் கடந்து சென்று அறுக்கும். அத்தகைய குழாயில் எவ்வளவு விலையுயர்ந்த சீலைப் போட்டாலும் அது நெடுநாள் நிற்காது. குழாயை மீண்டும் குரோமியம் பூசிக் கடைய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். குழாய் வளைந்திருந்தாலும், அதை நேராகத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தாலும் விளைவு இதேதான். மாறாக, சேறும் மணலும் விளிம்புக்கடியில் சிக்கியதால் மட்டும் கசிவு வந்திருந்தால், மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் துகளை வழித்தெடுத்தாலே சில வேளை கசிவு நின்றுவிடும். சீல் மாற்றவே தேவையிருக்காது. ஃபோர்க் கசிவை நாள்தள்ளுவதும் சரியல்ல, ஏனெனில் வழியும் எண்ணெய் முன் டிஸ்க் பிரேக்கின் பேடில் இறங்கினால் பிரேக் பிடிக்காமல் போகும்.

நல்ல சீலும் நல்ல தண்டும் இருந்தும் பொருத்தும் முறையால் கெடுவதுண்டு. ஸ்குரூடிரைவரால் ஒரு பக்கமாகத் தட்டினால் சீல் கோணலாக அமரும். தண்டின் கூரான பல்லில் உரசினால் விளிம்பு கிழியும். ரப்பர் விளிம்பில் எண்ணெய் தடவிப் பொருத்துவது சரியான வழக்கம்தான். ஆனால் பல புதிய எஞ்சின்களின் கிராங்க் சீல்களில் ரப்பருக்குப் பதிலாக டெஃப்லான் வந்துவிட்டது. அதை எண்ணெய் தடவாமல் உலர்வாகவே பொருத்தி, அது தண்டின் மேல் படிந்து அமையும்வரை சில மணி நேரம் எஞ்சினை இயக்காமல் விட வேண்டும். பழகிய கை நல்லெண்ணத்தோடு செய்யும் வேலையே இங்கே கசிவுக்குக் காரணமாகிவிடுகிறது. பொருளின் தேர்வும் முக்கியம்: பொதுவாகப் பயன்படும் நைட்ரைல் ரப்பர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரை நன்கு உழைக்கும்; அதற்கு மேல் நீடித்த வெப்பத்தில் இறுகி வெடிக்கும். சூடு மிகுந்த இடங்களுக்கு 200 டிகிரி வரை தாங்கும் ஃபுளோரோ ரப்பர் தேவை.

எல்லாப் பழியையும் பராமரிப்பின் மேல் போட்டுவிடவும் முடியாது. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் அடிப்பெட்டி செங்குத்தாகப் பிளந்த இரு பாதிகளால் ஆனதால், அவற்றின் இணைப்பு எண்ணெய் மட்டத்துக்குக் கீழேயும் ஓடியது. கசிவு அவற்றின் இயல்பாகவே கருதப்பட்டது. 1969-இல் வந்த ஹோண்டா சிபி 750 போன்ற வண்டிகளில் அடிப்பெட்டி கிடைமட்டமாகப் பிளக்கப்பட்டு, அந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. வடிவமைப்பாளர் மனம் வைத்தால் கசிவைக் குறைக்க முடியும் என்பதற்கு அந்த மாற்றமே சான்று. மலிவான சீல் ஒன்றை எட்டுவதற்குப் பாதி வண்டியைக் கழற்றும்படி இன்றும் வடிவமைப்பதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

வண்டியின் உரிமையாளரால் செய்யக்கூடியது, கழற்றிய பழைய சீலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. விளிம்பு இறுகி வெடித்திருந்தால் வெப்பம் காரணம்; ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருந்தால் தண்டு கோணலாக ஓடுகிறது; விளிம்பு மடங்கியிருந்தால் பொருத்தும்போது தவறியிருக்கிறது, அல்லது உள்ளழுத்தம் மிகுந்திருக்கிறது; வீங்கிக் கொழகொழவென்று இருந்தால் அந்த ரப்பருக்கு ஒவ்வாத எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கிறது. விளிம்பு புதிதுபோலவே இருக்குமானால், புதிய சீலைப் பொருத்தும் முன்பே தண்டின் பரப்பையும் பிரீதர் குழாயையும் சோதிக்குமாறு மெக்கானிக்கிடம் சொல்லலாம்.