புதுக் குடித்தனத்தில் பழைய குக்கீ

புது ஊர், புது வேலை, புது வீடு என்று வாழ்க்கை மாறும்போது நாக்கு பழைய கைப்பக்குவத்தைத் தேடும். அமெரிக்க வீடுகளில் அப்படித் தேடப்படும் பண்டம் சாக்லேட் சிப் குக்கீ. அதுவும் ஒரு புதுத் தொடக்கத்தில் பிறந்ததுதான்.

மனையியல் ஆசிரியையாக இருந்த ரூத் வேக்ஃபீல்டும் அவர் கணவரும் 1930-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து விட்மன் ஊரில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, 'டோல் ஹவுஸ்' என்ற விடுதியை நடத்தத் தொடங்கினார்கள். 1938 வாக்கில் ரூத், வெண்ணெய் குக்கீ மாவில் சாக்லேட் கட்டியை உடைத்துச் சேர்த்தார். கை தவறி விழுந்துவிட்டது என்று ஒரு கதை உண்டு, நம்பாதீர்கள். யோசித்துச் செய்த சமையல் அது. இரண்டாம் உலகப் போரின்போது வீரர்களுக்கு வீட்டிலிருந்து போன பொட்டலங்களிலும் இந்தக் குக்கீ பயணம் செய்தது.

இந்தக் குக்கீயின் பக்குவம் காத்திருப்பதில் இருக்கிறது. பிசைந்த மாவை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். மாவு முட்டையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெண்ணெய் இறுகும், ஓவனில் தட்டையாகப் பரவாது. ஓரம் பொன்னிறமாகி, நடுவில் தொட்டால் மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும்.

வெளியூருக்குக் குடிபோகும் பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டுப் பலகாரக் குறிப்பை எழுதிக் கொடுங்கள். போவதற்கு முன் ஒருமுறை அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள்.