பழைய துறப்பணம் புதுப்பித்தல்

வீட்டுப் பட்டறைக்கெனப் பழைய தூண் துறப்பணமொன்றை வாங்குவோர் கண்ணிற் படுவது முதலில் துருவேயாம். அஃது அத்துணைப் பெரிய குறையன்று. மண்ணெண்ணெய் தடவிக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் மேற்படிந்த துரு அகன்றுவிடும். கருத்தோடு ஆராயவேண்டியது, அலகைத் தாங்கிச் சுழலும் தண்டையே.

மின்னிணைப்பைத் துண்டித்தபின் தண்டைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தல் வேண்டும். ஆட்டம் தென்படின், பெரும்பாலும் பெயாரிங் தேய்ந்திருக்கும், அதனை மாற்றலாம். ஆட்டமில்லாதிருந்தும் நேரான அலகொன்று சுழலும்போது தள்ளாடுமாயின், சக் பொருந்துமிடத்தை நோக்குக. பல பொறிகளில் அது கூம்பு வடிவானது. உராய்வினாலேயே பற்றி நிற்பது. இடையிலே சிறு இரும்புத்தூள் சிக்கினும் சக் சாயும், துளை அகன்றுவிடும். எங்கும் எண்ணெய் இடுவோர் இங்குமட்டும் இடலாகாது. இட்டாற் பிடி நழுவும். துடைத்து உலர்த்தியே பொருத்துதல் வேண்டும்.

வேகமும் கருதத்தக்கது. ஒரே உலோகத்தில், 2 மில்லிமீற்றர் அலகு சுழலும் வேகத்தின் ஆறிலொரு பங்கே 12 மில்லிமீற்றர் அலகுக்குப் போதும். கப்பிகள் படிப்படியாக அமைந்திருப்பது இதற்காகவே.

உறை வெடித்த பழைய மின்கம்பியை மாற்றிப் புவித்தொடுப்புச் செய்யாமல் பொறியை இயக்குதல் உயிருக்கு ஆபத்து. வர்ணம் பூசுதல் இவையனைத்தும் முடிந்த பின்னரே தகும்.