விமானத்துக்கு விமானி போடும் மதிப்பெண்

ஒரு விமானம் எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு உயரம் ஏறும் என்பதைக் கருவிகள் அளந்து சொல்லிவிடும். அதை ஓட்டுவது எவ்வளவு பாடு என்பதை ஓட்டுகிறவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் ‘கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் பொறியாளர் எதைத் திருத்துவார்?

நாசாவின் ஏம்ஸ் மையத்துச் சோதனை விமானி ஜார்ஜ் கூப்பரும், பஃபலோ நகரில் அப்போது கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாயிருந்த வானூர்தி ஆய்வகத்தின் ராபர்ட் ஹார்ப்பரும் 1969-இல் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். 1 என்றால் அருமை. 10 என்றால் கட்டுக்கே அடங்காது. எடுத்த எடுப்பில் எண்ணைச் சொல்லிவிட முடியாது. விமானம் கட்டுக்குள் இருக்கிறதா? தாங்கக்கூடிய உழைப்பில் வேலை முடிகிறதா? திருத்தம் ஏதும் இல்லாமலே திருப்திதானா? இந்த மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கடந்துதான் எண்ணுக்கு வர வேண்டும். கைதேர்ந்த விமானி மோசமான விமானத்தையும் அழகாகத் தரையிறக்கிவிடுவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குறையே தெரியாது. அவர் உள்ளே பட்ட பாட்டையும் கணக்கில் கொண்டுவந்ததுதான் இந்த அளவுகோலின் சாமர்த்தியம்.

அதே ஆய்வகம் 1957 முதல் பச்சோந்தி போன்ற ஒரு ஜெட்டை வைத்திருந்தது. பெயர் என்டி-33ஏ. முன் இருக்கையின் கட்டுப்பாட்டுக் கோலுக்கும் இறக்கைகளுக்கும் நடுவே கணினி அமர்ந்து, இன்னும் பறக்காத வேறொரு விமானத்தின் குணத்தை அப்படியே காட்டும். நிலைமை கைமீறினால் பின்னிருக்கை விமானி பொறுப்பை வாங்கிக்கொள்வார். 1997 வரை உழைத்தது அது.

குறை எப்போதும் இயந்திரத்தில் மட்டும் இருப்பதில்லை, மனிதரிடம் மட்டும் இருப்பதுமில்லை. 1977 அக்டோபர் 26-இல் எண்டர்பிரைஸ் விண்வெளி ஓடம் எட்வர்ட்ஸ் தளத்தில் தரையிறங்கியபோது துள்ளி, இருபுறமும் ஆடியது. ஓட்டியவர் அப்போலோ 13-இல் சென்ற ஃபிரெட் ஹெய்ஸ். கோலை அசைத்ததற்கும் ஓடம் அசைந்ததற்கும் இடையே நொடியில் ஒரு சிறு பங்கு தாமதம். பலன் தெரியவில்லையே என்று விமானி இன்னும் கொஞ்சம் அசைக்கிறார். அதற்குள் முதல் அசைவின் பலன் வந்து சேர்கிறது. அதைச் சரிசெய்ய எதிர்ப்புறம் அசைக்கிறார். திருத்தமே ஆட்டத்தை வளர்க்கிறது. அன்று ஹெய்ஸ் பத்திரமாக இறங்கிவிட்டார்.

பின்னர் நாசா ஓர் எஃப்-8 விமானத்தில் வேண்டுமென்றே தாமதம் சேர்த்து இறக்கிப் பார்த்தது. ஓடத்தின் மென்பொருளில் ஒரு வடிகட்டியும் சேர்ந்தது: விமானி கோலை மளமளவென்று முன்னும் பின்னும் ஆட்டத் தொடங்கினால், அந்தக் கட்டளையின் வலுவை அது தானாகவே குறைத்துவிடும்.