கரணையை யார் கையில் கொடுப்பது?

மண்ணச்சநல்லூர் பூமிநாதர் கோயிலுக்குக் காலையில் போனால், ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு சந்நிதி முன்னால் நிற்பவர்களைப் பார்க்கலாம். மனை வாங்கியும் வீடு எழும்பவில்லை, பாதிச் சுவரோடு வேலை நின்றுவிட்டது, பங்காளித் தகராறு என்று ஆளுக்கொரு குறை. மனையின் மண்ணைக் கொண்டுவந்து வேண்டிக்கொண்டால் தடை விலகும் என்பது நம்பிக்கை. துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவரிடம் என்ன தடை என்று கேட்டேன். “பணம் இருக்குங்க. பிளான் அப்ரூவலும் வந்தாச்சு. நாலு மாசமா நல்ல கொத்தனார் ஒருத்தர் கிடைக்கல” என்றார்.

இங்கிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி திருச்சிக்குள் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டுமானம்தான். பாலம், பேருந்து நிலையம், அடுக்ககம், சாலை. இத்தனை வேலை நடக்கும் ஊரில் வேலை தெரிந்த கை எங்கே போனது? கேட்டுக்கொண்டே போனதில் ஒரு மேஸ்திரியிடம் போய்ச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயது 62. பதினெட்டு வயதில் ஸ்ரீரங்கம் ராயகோபுர வேலைக்கு மணல் சலிக்கப் போனவர். நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்ற அந்தக் கோபுரம், 1979-ல் வேலை தொடங்கி 1987 மார்ச்சில் 13 நிலை, 236 அடியாக எழுந்து நின்றது. அதில் கடைசி ஆறு வருடம் இவர் அங்கேயே கிடந்திருக்கிறார்.

“மொத வருஷம் மணலும் சுண்ணாம்பும்தான் சார். ரெண்டாவது வருஷம் கரணையைத் தொட விட்டாங்க. மூணாவது வருஷம் ‘தூக்கைப் பிடிடா’ன்னாங்க. குண்டு ஆடி நிக்கிற வரைக்கும் மூச்சை அடக்கிட்டு நிப்பேன். சுவரு அரை நூல் சாஞ்சா பெரியவரு ஒண்ணும் பேச மாட்டாரு. குச்சியால ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயிடுவாரு. பிரிச்சுக் கட்டணும்னு அர்த்தம். எனக்குச் சொல்லிக்குடுத்ததுக்கு அவருக்கு யாரும் தனியா காசு குடுக்கல. வேலையோட வேலையா வந்துச்சு.”

வேலையோடு வேலையாக. அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அப்போது நாள்கூலி. ஒரு வேலை வருடக்கணக்கில் ஓடியது. பையன் ஒரு சுவரைக் கெடுத்தால் அன்றைய நாள் வீணாகும், அவ்வளவுதான். இன்று சதுர அடிக் கணக்கு. இவ்வளவு அடி பூசினால் இவ்வளவு பணம் என்று பேசி எடுக்கும் கொத்தனார், பக்கத்தில் நிற்கும் பையனுக்குப் பூச்சைச் சமன்படுத்தும் மணியாஸ்கட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தால் அந்த ஒரு மணி நேரம் அவர் பையிலிருந்து போகிறது. யார் சொல்லிக்கொடுப்பார்கள்? நிமிந்தாளாக வந்த பையன் பத்து வருடம் கழித்தும் நிமிந்தாளாகவே கலவை சுமக்கிறான். சித்தாளாக வந்த பெண்களைக் கேட்கவே வேண்டாம். முப்பது வருடம் செங்கல் எடுத்துக் கொடுத்த கைக்கு ஒரு நாளும் கரணை வரவில்லை.

அபராதமே லாபம்

தொழில் கற்றுக்கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கும் சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அது. பொன்மலைப் பணிமனைப் பக்கம் ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 2019-ல் திருத்திய விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் மொத்த ஆட்களில் இரண்டரை முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கில் ஒப்பந்த ஆட்களும் அடக்கம். படிக்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

வேலைத்தளத்துக்கு வந்து பாருங்கள். பெரிய ஒப்பந்ததாரர் வேலையை எடுக்கிறார். சென்ட்ரிங்கை ஒருவருக்கு, கம்பி வேலையை இன்னொருவருக்கு, பூச்சை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். அவர்கள் ‘லேபர் சப்ளை’ ஆட்களிடமிருந்து கைகளை வாங்குகிறார்கள். தளத்தில் இருநூறு பேர் நிற்பார்கள். எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் இருபது, இருபத்தைந்து பெயருக்கு மேல் இருக்காது. முப்பது என்ற கோடு காகிதத்தில் யாரையும் தொடாமல் போய்விடுகிறது.

தொட்டாலும் என்ன ஆகும்? ஒரு பழகுநரை எடுக்காமல் விட்டால் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், அதன்பின் மாதத்துக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2014-ன் திருத்தம். முதல் வருடத்துக்கு 10,500 ரூபாய். அதே ஆளை எடுத்து வைத்துக்கொண்டால், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 2019 விதிப்படி குறைந்தது மாதம் 7,000 ரூபாய் உதவித்தொகை. வருடத்துக்கு 84,000. அரசு தன் பங்காக மாதம் 1,500 வரை கொடுத்தாலும் மீதி 66,000 கைக்காசு. கற்றுக்கொடுப்பதைவிட அபராதம் கட்டுவது ஆறு மடங்கு மலிவு. சட்டத்தை எழுதியவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

பையன் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. மாதம் 26 நாளுக்கு 7,000 என்றால் ஒரு நாளுக்கு 270 ரூபாய்கூட இல்லை. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே தினக்கூலி 336 ரூபாய். வாய்க்கால் தூர் வாரும் அம்மாவைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு மகன் தொழில் பழக வேண்டும் என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? அவன் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் உணவுப் பொட்டலத்தை முதுகில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டப் போய்விடுகிறான்.

மேஸ்திரியிடம் காகிதம் இல்லை

மத்திய அரசுக் கட்டடங்களுக்கான பொது ஒப்பந்த நிபந்தனைகளில் 19-கே என்றொரு பிரிவு இருக்கிறது. அதிகம் பேர் பேசாத பிரிவு. நான் பார்த்த பதிப்பில், 5 கோடி ரூபாய்க்குக் குறையாத வேலைகளில் தொழில் தெரிந்த ஆட்களில் 20 விழுக்காட்டினர் சான்றிதழ் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. 10 கோடிக்கு மேல் போனால், தளத்திலேயே பயிற்சி கொடுத்துக் கூலியாட்களில் 20 விழுக்காட்டினரைத் தொழில் தெரிந்தவர்களாக உயர்த்த வேண்டும். 50 கோடியைத் தாண்டினால் அது 30 விழுக்காடு. நல்ல எண்ணம்தான். ஆனால் சான்றிதழ் பெற்ற ஆளை நிறுத்தாவிட்டால் ஒப்பந்ததாரர் கட்ட வேண்டியது தலைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய்.

இன்னொரு முரண்பாடும் இதில் உண்டு. ராயகோபுரத்தில் கைபழகி, நாற்பது வருடம் சுவர் எழுப்பிய நம் மேஸ்திரியிடம் எந்தச் சான்றிதழும் கிடையாது. 19-கே கேட்கும் 20 விழுக்காட்டுக் கணக்கில் அவர் வரமாட்டார். ஐ.டி.ஐ.யில் ‘மேசன்’ பிரிவை ஓராண்டு படித்து வந்த பையன் வருவான். பையனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவனுக்கு வரைபடம் படிக்கத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே சாரத்தில் நின்றால் இரண்டு பேருக்கும் லாபம். கையில் இருக்கும் தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னேன். “அதுக்கு எங்க போகணும், யாரு நாள்கூலி குடுப்பா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது சான்றிதழ்கூட இல்லை, கவர் பிளாக். தளம் போடும்போது கம்பிக்கும் அடியில் இருக்கும் தகட்டுக்கும் நடுவே வைக்கும் சிறு சிமென்ட் கட்டி. தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்று கணக்கு உண்டு. நொச்சியம் பக்கம் ஒரு வீட்டில் தளம் போடும் முந்தைய நாள் போய் நின்றேன். கம்பி கட்டும் பையன்கள் கவர் பிளாக்கை ஓரத்தில் மட்டும் வைத்திருந்தார்கள். நடுவில் கம்பி தகட்டின் மேலேயே கிடந்தது. “இது எதுக்கு வைக்கிறது தம்பி?” என்று ஒருவனிடம் கேட்டேன். “வைக்கணும்ணே” என்றான். எதற்கு என்று அவனுக்கு ஒருவரும் சொன்னதில்லை. மூடாத கம்பிக்கு ஈரம் போகும், துருப்பிடிக்கும், துரு கம்பியைவிடப் பல மடங்கு பருத்துக் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளும். பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் தொட்டிலுக்கு மேலே கூரை பெயர்ந்து விழும்போது, அந்தப் பையன் எந்த ஊரில் இருப்பானோ.

தண்ணீர் கட்டுவதும் அப்படித்தான். ஏழு நாள் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. இன்று பெரும்பாலான வீடுகளுக்கு வருவது அந்த மூட்டைதான். மூட்டை மாறியது. மாறியதைத் தளத்துக்கு வந்து சொல்ல ஆள் இல்லை. பழக்கம் மட்டும் கைமாறி, காரணம் கைமாறாமல் நிற்கும் தொழில் எவ்வளவு நாள் தாங்கும் என்பதே என் பயம். கம்பியை மறைத்துப் பூசிய பிறகு, தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா என்று எந்தப் பொறியாளராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

மண்ணச்சநல்லூரின் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலன் இருக்கிறது. அதைச் சான்றிதழ் பெற்றவர்தான் இயக்க வேண்டும் என்பது பழைய விதி. அதனால் ஆலைக்காரர்கள் எப்படியாவது ஒருவரைத் தேடி வைத்துக்கொள்கிறார்கள். கொதிகலன் வெடித்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். கூரைக்கு அந்த அவசரம் இல்லை.

ஒப்பந்ததாரர்கள் தரப்பிலும் ஒன்று சொல்கிறார்கள்: பழக்கிவிட்ட பையன் நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த தளத்துக்குப் போய்விடுகிறான், குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்த எங்களுக்கு அதைத் தாங்க வழியில்லை. அது உண்மைதான். அதனால்தான் இதை அவர்கள் தலையில் அபராதமாகக் கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எஸ்டிமேட்டில் சிமென்ட்டுக்கு ஒரு வரி, கம்பிக்கு ஒரு வரி இருப்பதுபோலப் பயிற்சி நேரத்துக்கும் ஒரு வரி வேண்டும். இத்தனை மணி நேரம் பழகுநர் கை வேலையில் இருந்தது என்று அளந்து, அளந்ததற்குப் பில் போட்டுக் காசு கொடுக்கட்டும். போட்டியிடும் எல்லோருக்கும் அந்த வரி ஒன்றே என்றால் குறைந்த விலைக்காரர் அதைத் தின்ன முடியாது. சொல்லிக்கொடுத்த மேஸ்திரியின் கூலியும் அந்த வரிக்குள்ளேயே வரட்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல், ஒரு கோடி டாலருக்குக் குறையாத மத்திய அரசுக் கட்டுமானங்களில் மொத்த உழைப்பு நேரத்தில் 10 விழுக்காடு பழகுநர்களுடையதாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தலையை எண்ணாமல் நேரத்தை எண்ணுகிறார்கள். எத்தனை அடுக்கு உள்ஒப்பந்தம் போட்டாலும் நேரத்தைப் பிரித்து ஒளிக்க முடியாது.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. அதற்குப் பதிலாகப் புதிய கதவணை கட்ட ஒதுக்கிய தொகை 387 கோடி ரூபாய்க்கு மேல். இப்படிப்பட்ட ஒரு வேலை ஓடும் காலம் ஐ.டி.ஐ. படிப்பைவிட நீளம். வாத்தலையில் பள்ளி முடித்த பையன் சைக்கிளில் போய்ப் பழகிவிட்டு வரும் தூரம். அவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் வாசலுக்கே வந்துபோகிறது.

மேஸ்திரியைச் சந்தித்த மறுநாள் மாலை அவருடைய தளத்துக்குப் போனேன். கூலி வாங்கிக்கொண்டு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் நின்றான், இருபது வயதுகூட இருக்காது. மேஸ்திரி செல்போன் வெளிச்சத்தைச் சுவர்மேல் அடித்தார். பையன் தூக்கைத் தொங்கவிட்டான். அவனுக்குத் தமிழ் அரைகுறை, இவருக்கு ஒடியா தெரியாது. குண்டு ஆடியது. “நில்லு” என்றார். அந்தச் சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது. குண்டு நின்றதும் சுவருக்கும் நூலுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தான். பிறகு மேலிருந்து மூன்றாவது வரிசைக் கல்லை அவனாகவே கரணையால் தட்டினான்.

“பாத்தீங்களா சார்” என்றார் மேஸ்திரி. “நான் ஒண்ணும் சொல்லல.”

நாளைக் காலை அந்தக் கல்லைப் பிரித்துக் கட்ட வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை எந்தச் சதுர அடிக் கணக்கில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.