அப்பாவுக்கு யூரின் வரலையா? பார்லி தண்ணி வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!

ராத்திரி ரெண்டு மணி. அப்பா நாலாவது தடவையா பாத்ரூமுக்குப் போறார். குழாயைத் திறந்துவிட்டுக்கூட நின்னு பார்த்துட்டார், ஒரு சொட்டு வரலை. கேட்டா, ''ஒண்ணுமில்லம்மா, சூடு பிடிச்சிருக்கு'' என்கிறார். அம்மா பார்லி தண்ணி வைக்க அடுப்பைப் பத்த வைக்கிறாங்க.

தப்பு ஆரம்பிக்கிறது இங்கேதான். நீர்க்கடுப்பு வேற, சிறுநீர் அடைப்பு வேற. கடுப்பில் எரிச்சலோடு கொஞ்சமாவது போகும். அதுக்குத் தண்ணீர் நல்லது. அடைப்பில் கிட்னி தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும், சிறுநீர் வெளியே வர வழிதான் இருக்காது. சிறுநீர்ப்பை சாதாரணமாக 400, 500 மில்லி பிடிக்கும். அடைத்துக்கொண்டால் ஒரு லிட்டர் வரைகூட உப்பிவிடும். அதன் மேல் பார்லி தண்ணியும் வாழைத்தண்டு ஜூஸும் ஊற்றினால், வலிதான் கூடும்.

50 வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் பெரும்பாலும் காரணம், ப்ராஸ்டேட் வீக்கம். பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி இது. பெருத்தால் குழாயை நெருக்கும். அதுவரை எப்படியோ சமாளித்தவரை ஒரே நாளில் மடக்கிப் போடுவது பல நேரம் ஒரு சளி மாத்திரை! அதிலுள்ள குளோர்பெனிரமின் பை சுருங்கும் சக்தியைக் குறைக்கும். ஃபினைலெஃப்ரின் பையின் கழுத்தை இறுக்கும். அதனால அப்பா ரெண்டு நாளாக என்ன மாத்திரை போட்டார் என்று பார்த்து, அட்டையைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. கடுமையான மலச்சிக்கலும் இதைத் தூண்டும்.

பெண்களுக்கும் வரும், பிரசவத்துக்குப் பிறகோ ஆபரேஷனுக்குப் பிறகோ. இளம் வயதில் முதுகுவலியோடு தொடை இடுக்கு மரத்துப்போய் யூரினும் நின்றால், தண்டுவட நரம்பு நசுங்கியிருக்கலாம். அது ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாத விஷயம்.

கேஷுவாலிட்டியில் முதலில் செய்வது டியூப் போடுவதுதான். கேட்டதுமே பல அப்பாக்கள் வீட்டுக்குத் திரும்பப் பார்ப்பாங்க. மரத்துப்போகும் ஜெல் தடவித்தான் போடுறாங்க. சங்கடம் இருக்கும், ஆனால் பை காலியாக ஆரம்பித்ததும் முகமே மாறிடும். பிறகு கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, யூரின் டெஸ்ட், ஸ்கேன். வழக்கமாக டாம்சுலோசின் மாத்திரை கொடுத்து, சில நாளில் டியூபை எடுத்துப் பார்ப்பாங்க. நிறைய பேருக்குத் தானாகப் போக ஆரம்பிச்சிடும். இந்த மாத்திரையால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், நிதானமாக எழணும். மறுபடி அடைத்தால், வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே செய்யும் டியூஆர்பி ஆபரேஷன் இருக்கு.

வலிக்கிற அடைப்பாவது ஆளை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் பை நிரம்பியே கிடக்கிற வகையும் உண்டு. அதில் யூரின் சொட்டுச் சொட்டாக வழியும், ராத்திரி படுக்கை நனையும். வயசாயிடுச்சுன்னு அவரே வேட்டியை மாத்திட்டுப் பேசாம இருந்துடுவார். அதற்குள் கிட்னி பாதிக்கப்படலாம். உங்கள் வீட்டில் யாராவது சமீபமாக அப்படி மாத்துறாங்கன்னா, நீங்களே கேளுங்க. மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டால், மாமாவையோ சித்தப்பாவையோ கேட்கச் சொல்லலாம்.