இந்தக் குரல் யாருடையது?

சிங்கப்பூரில் 2023 முதல், சாதாரண நிலை ஆங்கில வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் கணினித் திரையில் காணொளியைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். எதிரே தேர்வாளர் இருப்பதால் ஆள்மாறாட்டம் எளிதன்று. டோஃபல் போன்ற இணையத் தேர்வுகளில் உங்கள் பேச்சு பதிவாகி, எங்கோ இருக்கும் மதிப்பீட்டாளரிடம் செல்கிறது. பேசியது நீங்கள்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

கடப்பிதழ், புகைப்படம், கேமரா ஆகியவை முதல் காவல். அடுத்தது குரல். தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுவதால், குரலில் எந்த அதிர்வெண்கள் ஓங்கி ஒலிக்கின்றன என்பதும் மாறும். பல பெயர்களில் ஒரே குரல் ஒலித்தால், ஒருவரே பலருக்காகத் தேர்வு எழுதினார் என்ற சந்தேகம் எழும்.

ஆனால் கணினி “ஆம்”, “இல்லை” என்று சொல்வதில்லை. இரண்டு குரல்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மதிப்பெண்தான் தருகிறது. எந்த மதிப்பெண்ணிலிருந்து சந்தேகிப்பது என்பதை மனிதர்கள் முடிவுசெய்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஈசூனில் 1,000 மாணவர்கள் தேர்வு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 10 பேர் ஏமாற்றுகிறார்கள். கருவி 99 விழுக்காடு சரியாகக் கணிக்கிறது. ஏமாற்றிய 10 பேரும் பெரும்பாலும் சிக்குவார்கள். நேர்மையான 990 பேரில் ஒரு விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 10 பேரும் சிக்குவார்கள். பிடிபட்டவர்களில் பாதிப் பேர் குற்றமற்றவர்கள்!

இது வெறும் கணக்கு அன்று. பிரிட்டனில் விசாவுக்காக நடந்த டோயிக் ஆங்கிலத் தேர்வில் முறைகேடு நடப்பதை 2014ல் பிபிசி அம்பலப்படுத்தியது. குரல் ஒப்பீட்டுக்குப் பிறகு, 2011 முதல் 2014 வரை அங்கு நடந்த சுமார் 58,000 தேர்வுகளில் 97 விழுக்காடு சந்தேகத்துக்குரியவை எனப்பட்டன. இந்தியர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் விசாவை இழந்தனர். கணினி காட்டியவற்றை மனிதர்களும் கேட்டுச் சரிபார்த்தார்கள். ஆனாலும் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் சென்று வென்றவர்களும் உண்டு. அந்த ஒலிப்பதிவு உண்மையில் அவர்களுடையதுதானா என்ற கேள்வியும் எழுந்தது.

எனவே பாதுகாப்பான தேர்வு முறைக்குப் பூட்டு மட்டும் போதாது. பதிவு எங்கே, எப்போது, யார் பெயரில் உருவானது என்பதை யாரும் திருத்த முடியாதபடி சேமிக்க வேண்டும். சந்தேகிக்கப்பட்டவர் தம் பதிவைக் கேட்கவும் மீண்டும் தேர்வு எழுதவும் வழி வேண்டும்.

அடுத்த முறை ஒரு கருவி “99 விழுக்காடு துல்லியம்” என்று விளம்பரப்படுத்தப்பட்டால், மீதி ஒரு விழுக்காட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.