முயல் இறைச்சி: போத்தலா, வற்றலா?

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, பள்ளிச் சிறுவராக நாமும் அந்தச் சனத்தோடு நடந்தோம். புறப்படுமுன் அம்மா முயற்கூட்டின் கதவைத் திறந்து விட்டார். உள்ளே பதினொரு முயல்கள். சில வெளியே வரவேயில்லை. மூலைக்குள் ஒதுங்கிக் கிடந்தன. "இதுகளைக் கொண்டு போனால் ரெண்டு கிழமைக்குக் கறி இருக்குமே" என்று ஐயா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. அறுக்க நேரமில்லை. அறுத்தாலும் பழுதாகாமல் வைத்திருக்க வழி தெரியாது.

பல ஆண்டுகள் கழித்து, இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு முயல் வளர்ப்புப் பற்றிச் சொல்லப்போன இடத்தில் ஒரு தாய் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். "சுவாமி, எட்டு முயலும் ஒரே நேரத்திலை வளர்ந்து நிக்குது. எல்லாத்தையும் ஒரே நாளிலை வாங்க ஆளில்லை. அறுத்துப் போத்தலிலை அடைச்சு வைக்கலாமோ?" அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாலு மாதத்தில் இரண்டு கிலோ நிற்கும் முயலை அறுத்தால், தோல், தலை, குடல் எல்லாம் போக ஏறத்தாழ ஒரு கிலோ மிஞ்சும். எலும்பைக் கழித்தால் சதை முக்கால் கிலோ. அதை நன்றாக உலர்த்தினால் இருநூறு கிராமுக்கும் குறைவு. எட்டு முயலும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ வற்றல்தான். ஆகவே முயல் இறைச்சியைப் பழுதாகாமல் வைத்திருக்கும் மிக மலிவான பெட்டி முயற்கூடுதான். உயிரோடு இருக்கும் முயலுக்கு முள்முருக்கு இலையும் அறுகம்புல்லும் போதும். உப்பும் வேண்டாம், விறகும் வேண்டாம். பெண் முயல் 31 நாளில் குட்டி போடும். இரண்டு பெண் முயல் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே கிழமையில் இணைய விடாமல் ஒன்றரை மாதம் தள்ளி விட்டால், குட்டிகளும் தள்ளித் தள்ளியே வளரும். கிழமைக்கு ஒன்றை அறுத்து அன்றே கறி வைக்கலாம். அந்தத் தாய்க்கு நாம் முதலில் சொன்னது இதுதான். அவர் சிரித்துவிட்டு, "அது அடுத்த முறைக்கு. இப்ப நிக்கிற எட்டுக்கு என்ன செய்ய?" என்றார்.

நியாயமான கேள்வி. கூடு போதாமல் நெருக்கும்போதும், சித்திரை வெயிலில் முயல்கள் இளைத்துச் சாகத் தொடங்கும்போதும், இடம் மாறும் நாள் முன்கூட்டியே தெரியும்போதும் உயிரோடு வைத்திருக்க முடியாமற் போகும். அப்போது போத்தலா, வற்றலா என்று யோசிக்க வேண்டும்.

போத்தலில் அடைப்பது பிரான்சில் பிறந்த முறை. நிக்கொலா அப்பேர் என்ற சமையற்காரர் கண்ணாடிப் போத்தல்களில் உணவை அடைத்து, தக்கையால் மூடிக் கொதிநீரில் வைத்து, 1810இல் அந்நாட்டு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். உணவு ஏன் பழுதாகவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமிகளைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டின் பின்புதான். இன்று அமெரிக்கப் பண்ணை வீடுகளில் முயலையும் கோழியையும் இப்படி அடைத்து வைக்கிறார்கள். ஆனால் அவர்கள் கொதிநீரை நம்புவதில்லை. அதற்கென்றே செய்த பெரிய அழுத்தப் பாத்திரத்தில் 10 இறாத்தல் அழுத்தத்தில், ஏறக்குறைய 116 பாகை செல்சியசில், அரை லீற்றர் அளவுப் போத்தலை 75 நிமிடம் வைக்கிறார்கள். எலும்பில்லாத சதைக்கு உரிய கணக்கு இது. மூடியும் அதற்கென்றே செய்த மூடி. ஒரு முறை பாவித்த தகட்டை மறுமுறை பாவிப்பதில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் ஒரு பற்றீரியா. பெயர் குளோஸ்திரிடியம் பொட்டுலினம். மண்ணில் எங்கும் உண்டு. அதன் வித்திகள் கொதிநீரில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை விடும். மூடிய போத்தலுக்குள் இருக்கும் இறைச்சி அதற்குச் சரியான இடம். அந்த நஞ்சு நரம்பைத் தாக்கும். கண் இரட்டையாகத் தெரியும், நாக்குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். இதில் கொடியது என்னவென்றால், போத்தலைத் திறந்தால் மணம் மாறாமலே இருக்கலாம்.

நாமும் ஒருமுறை அறியாமையால் இதைச் செய்து பார்த்தோம். ஒரு புத்தகத்தில் பாதியை மட்டும் படித்துவிட்டு, ஆறு ஜாம் போத்தலில் முயல் இறைச்சியை அடைத்துக் கிடாரத்தில் இரண்டு மணித்தியாலம் அவித்தோம். நாலாம் நாள் ஒரு மூடி மேலே உப்பி நின்றது. மற்ற ஐந்தும் பார்வைக்கு நல்லவை. ஆறையும் ஆழக் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். பக்கத்தில் நின்ற ஒரு மூதாட்டி, "மணமில்லைத்தானே சுவாமி, ஏன் தாக்கிறியள்?" என்று கோபித்தார். இறைச்சி கண்டு மாதக்கணக்கான வீடுகள் சுற்றிலும் இருக்க, மூன்று முயலை மண்ணுக்குள் போட்டவர்கள் நாம். அவருடைய கோபம் சரிதான். ஆனால் புதைத்ததும் சரிதான்.

வீட்டுப் பிரஷர் குக்கரில் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. அது கெதியாகச் சூடேறிக் கெதியாக ஆறுவது; மேலே சொன்ன நிமிடக் கணக்கு அதற்குப் பொருந்தாது. உரிய பாத்திரமும் மூடியும் கையில் இல்லாதவரை போத்தல் வேலையைத் தொடவே வேண்டாம்.

வற்றல் எமக்குப் புதிதல்ல. கருவாடு காயாத கரையோரம் உண்டா? வன்னியில் மான் இறைச்சியை வற்றலாக்கி அடுப்புக்கு மேலே தொங்கவிட்ட வீடுகளை முதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், வேடர்கள் மரப்பொந்தில் தேன் ஊற்றி இறைச்சியை அதற்குள் வைத்துக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்குச் சேமித்ததை எழுதியிருக்கிறார். முயலுக்கு ஒரு வசதியும் உண்டு. அதன் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. கொழுப்புத்தான் காறிப் போவது. சதை மட்டும் என்றால் நன்றாகக் காயும்.

வெயில் நிச்சயமான நாட்களைப் பாருங்கள். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும் காலம் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கவே வேண்டாம். நோயில்லாத முயலை மட்டும் அறுங்கள்; தானாகச் செத்ததைப் புதைத்துவிடுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் கண்டால் ஈரலை எறியுங்கள். தொடையிலும் முதுகிலும் உள்ள சதையைக் கழற்றி, வெள்ளைச் சவ்வையும் கொழுப்பையும் நீக்கி, சுண்டுவிரல் நீளத்தில், அரைச் சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேற்படாமல் கீற்றாக வெட்டுங்கள். எலும்பை அன்றே இரசம் வைத்துக் குடித்துவிட வேண்டும்.

அடுத்த படியைத்தான் பலர் தவற விடுகிறார்கள். பச்சைக் கீற்றை நேரே வெயிலில் போடக் கூடாது. வெயிலின் சூடு கிருமியைக் கொல்லாது. இறைச்சியை ஈரத்தோடு மெல்லச் சூடாக்கிக் கிருமியை வளர்க்கவே செய்யும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் கல் உப்புக் கரைத்து, மிளகும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வையுங்கள். கீற்றுகளைப் போட்டு, மீண்டும் கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் விடுங்கள். சதையின் நடுப்பகுதி 71 பாகையைத் தாண்ட வேண்டும் என்பதே கணக்கு. மஞ்சள் போட்டால் போதும், அவிக்கத் தேவையில்லை என்று சொல்வோரும் உண்டு. மஞ்சள் நிறமும் மணமும் தரும், அவ்வளவுதான்.

வடித்து எடுத்ததும் நைலோன் நூலில் ஒன்றோடொன்று முட்டாமல் கோத்து, நல்ல காற்றுப் படும் இடத்தில் கட்டி, மேலே நுளம்பு வலையைப் போர்த்துங்கள். இலையான் ஒன்று இருந்தால் போதும், மறுநாள் புழுதான். பொழுது சாயுமுன் உள்ளே எடுத்து, இரவில் அடுப்புக்கு மேலே பறணில் புகை படும்படி வையுங்கள். பனி படவே கூடாது. இரண்டு மூன்று நாள் வெயிலின் பின், தணலுக்கு மேல் உயரத்தில் வைத்து மிச்ச ஈரத்தை எடுக்கலாம். 60 பாகை அளவு சூடு போதும். முதல் நாளே பெருந்தணலில் வைத்தால் வெளிப்புறம் தோலாக இறுகி உள்ளே ஈரம் அடைபட்டுப் போகும். பார்வைக்குக் காய்ந்தது போல இருந்து உள்ளிருந்து அழுகும். பெயின்ற் பூசிய பலகையையும் மண்ணெண்ணெய் பட்ட விறகையும் எரிக்காதீர்கள். சிரட்டை நல்லது.

ஆறிய கீற்றை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விழ வேண்டும், ஆனால் இரண்டாக ஒடியக் கூடாது. அமர்த்தினால் ஈரம் கசியக் கூடாது. இறுக்கமான மூடியுள்ள ரின்னில் போட்டு இரண்டு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். இடையில் நல்ல வெயிலில் ஒருமுறை காயவிடலாம். பூஞ்சணம் கண்டால் துடைத்துத் தின்ன நினைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

திடீரென ஓடும் இரவுக்கு வற்றல் உதவாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வற்றலுக்கு மூன்று நாள் வேண்டும். 1995இல் எமக்குக் கிடைத்தது சில மணித்தியாலம். அப்படியான வேளையில் இரண்டு இளம் பெண் முயலையும் ஒரு கிடாயையும் காற்றோட்டமான பெட்டியில் போட்டுத் தூக்குவதே மேல். மூன்றும் சேர்ந்து ஐந்தாறு கிலோதான்.

சமைப்பதைப் பற்றி ஒன்று. வற்றலை அப்படியே பிள்ளைகளுக்குக் கடிக்கக் கொடுக்க வேண்டாம். அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு, அந்த உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, முருங்கைக்காயோ கத்தரிக்காயோ சேர்த்து நன்றாகக் கொதிக்கும்வரை அவியுங்கள். கறிக்கு உப்புப் போடுமுன் ருசி பாருங்கள். வட துருவ நாடுகளில் கொழுப்பில்லாத முயல் இறைச்சியை மட்டுமே தின்று நாட்கணக்காக இருந்தவர்கள், வயிறு நிறைந்தும் பசி தீராமல் வயிற்றோட்டம் கண்டு மெலிந்ததைப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே இறக்குமுன் ஒரு தேங்காயின் முதற்பால் விடுங்கள். தேங்காய் கிடைக்காத இடத்தில் நல்லெண்ணெயில் தாளியுங்கள்.